கன்றுக் கடன்

பெண்களை முன்னேற்றியே தீருவது என்று எங்கள் தெருமுனை வங்கி ஒரு நாள் முடிவு செய்தது. பெண்கள் தரப்பில் யாரும் அப்படிக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்ட பிறகு எதிரில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கம் வங்கிக்குக் கிடையாது. கண்ணாடிக் கதவில் சுவரொட்டி ஒட்டினார்கள். அதில் ஒரு பெண் இரண்டு கைகளிலும் இலைகளை ஏந்திக்கொண்டு பற்பசை விளம்பரத்துக்குச் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘மூலிகை மகளிரே, வாருங்கள். குறைந்த வட்டி, குறைந்த காகிதம், நிறைந்த வாழ்வு’ என்று அவள் காலடியில் எழுதியிருந்தது.

என் மனைவி நிஜமாகவே மூலிகை மகளிர். அவளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் விடிவதற்கு முன் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவுக்குப் போவார்கள். இருமல் இலை, காய்ச்சல் பட்டை, வயிற்று வேர் என்று அவர்களாகப் பெயர் வைத்துக்கொண்ட சரக்கைப் பறித்து வருவார்கள். கழுவி, நறுக்கி, மொட்டை மாடியில் காயவைத்து, துணிப்பைகளில் கட்டி மருந்துக் கடைகளுக்கு விற்பார்கள். பைகள் தைப்பது நான். பழைய துணிகளைப் பிரித்து இடுப்பு கூட்டி, கால் குறைத்துத் தருகிற தையற்காரன் என்ற முறையில் வெட்டுத்துணிக்கு என்னிடம் பஞ்சமில்லை. அந்தக் குழுவில் சம்பளமில்லாத ஒரே ஊழியன் நான்தான். ஒரே ஆணும் நான்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று என் மனைவி சொல்வாள்.

குழுவின் பகைவர்கள் இரண்டு பேர். ஒன்று மழை. இன்னொன்று மோப்பம். மோப்பம் என்பது ஒரு தரகரின் பட்டப்பெயர். மழைக்காலத்தில் மாடியில் சரக்குக் காயாமல் ஓரம் வெளுத்துப் பூசணம் பூக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்துக் குடையோடு வருவார். ஒரு துண்டு வேரை எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். யாரோ இறந்த செய்தியைச் சொல்வதுபோல் “ஈரம்” என்பார். அப்புறம் விறகு விலைக்கு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவார்.

போன மழையில் அப்படித்தான் ஆயிற்று. குழுவில் இருந்த லாரி அக்கா மறுபடியும் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவள் சிரித்தால் லாரி கிளம்புவதுபோல் இருக்கும், அதனால் அந்தப் பெயர். சோப்புத் தண்ணீரில் அவள் விரலிடுக்குகள் வெடித்து, டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரு கையாலும் அணைத்துக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். லாரி அப்போது கிளம்பவேயில்லை. இன்னொரு மழைக்கு அவளை அங்கே அனுப்புவதில்லை என்று என் மனைவி சொல்லியிருந்தாள். அதற்கு வேண்டியதெல்லாம் மேலே தகரக் கூரை, பக்கங்களில் காற்று, உள்ளே நாலு தட்டுகள். ஒரு உலர்த்தும் கொட்டகை. அதுவும் மழைக்கு முன்னால்.

ஆகவே வங்கிக்குப் போனோம். நாங்கள் என்றால் என் மனைவி, லாரி அக்கா, அவர்களுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான்.

மேலாளருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவர் இடுப்பைத் தெரியும். அவர் கால்சட்டைகளை வருடா வருடம் நான்தான் பிரித்துப் பெரிதாக்குகிறேன். இனிமேல் பிரிக்க உள்ளே துணியில்லை என்கிற கட்டத்தில் இருந்தார். என் மனைவியை அன்போடு உட்காரச் சொல்லிவிட்டு, கணினியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“என்ன தொழில் பண்றீங்கம்மா?”

“பறிக்கிறோம் சார்.”

“எதை?”

“கிடைக்கிறதை.”

மேலாளரின் கண் வாசலில் நின்ற காவலாளியிடம் போய்த் திரும்பியது. பட்டியலில் மேலும் கீழும் தேடிவிட்டு, பறிப்பு என்ற தொழில் வங்கியில் கிடையாது, அப்படிப் போட்டால் கணினி நகை பறிப்பு, பணப் பறிப்பு என்று வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார். வளர்ப்பு உண்டு. உற்பத்தி உண்டு. ஏதாவது ஒன்றை வளர்க்கிறவர்களுக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும்.

“அதெல்லாம் தானா வளருது சார்” என்றாள் என் மனைவி.

“தானா வளர்றதுக்குக் கடன் எதுக்கும்மா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சரக்கை யாரிடம் கொள்முதல் செய்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. மலைச்சரிவில் என்றோம். அப்படியானால் விதிப்படி மூன்று இடத்திலிருந்து விலைப்புள்ளி வேண்டும் என்றார். மேற்குச் சரிவு, கிழக்குச் சரிவு, ஓடைக்கரை என்று என் மனைவி மூன்றையும் சொன்னாள். மூன்றின் விலையும் ஒன்றுமில்லை. மேலாளர் அப்படியே எழுதிக்கொண்டு, முதலில் சொன்ன மேற்குச் சரிவுக்கு ஆர்டர் போட்டார். ஒரு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். மூன்று விலையும் சமமாக இருக்கையில் மேற்குச் சரிவுக்கு மட்டும் ஆர்டர் கொடுத்ததன் காரணம் என்ன, அந்தச் சரிவில் விண்ணப்பதாரருக்கு உறவினர் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம் என் முறை வந்தது. பெண்கள் யாரையும் சாராமல் சொந்தக் காலில் நிற்பதற்கான கடன் என்பதால், குடும்பத் தலைவரான ஆண் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். வீட்டில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட என் கருத்து கேட்கப்படுவதில்லை. குடும்பத் தலைவர் என்று என்னை முதன்முதலில் அழைத்தது அந்தக் காகிதம்தான். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். என் மனைவி பேனாவை மூடி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

லாரி அக்காவுக்குத்தான் சிக்கல். அவள் புருஷன் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். ஆண் இல்லாவிட்டால் அவள் பெயரைக் குழுவில் சேர்க்க முடியாது என்றார் மேலாளர். ஏதோ ஒரு ஆண்தானே வேண்டும், வாசலில் நிற்கிற காவலாளி ஆகுமா என்று அவள் கேட்டாள். கிண்டல் என்று நினைத்தேன். மேலாளர் அப்படி நினைக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். காவலாளிக்குச் சம்மதமானால் வங்கிக்கு ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது.

“ஆட்சேபணை இல்லையாமா?” என்றாள் லாரி அக்கா. “சரி, நாளைக்கு இந்த ஆளும் ஓடிட்டா பேங்கு தேடிப் பிடிச்சுக் குடுக்குமா?”

அதையும் எழுதிக் கேட்கட்டுமா என்று மேலாளர் பேனாவை எடுத்தார். காவலாளி அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் வந்தால் அந்த மனிதர் கதவைத் திறந்துவிட்டுத் தரையைப் பார்ப்பார்.

வளர்ப்புப் பிரச்சினைக்கு மேலாளரே வழி சொன்னார். சரிவிலிருந்து சின்னச் செடிகள் கொஞ்சம் பிடுங்கி வந்து தொட்டியில் நட்டுவிடுங்கள், நீங்கள் வளர்க்கிறவர்கள் ஆகிவிடுவீர்கள். பறித்துப் பிழைப்பவர்களிடம் பறிக்காமல் நடச் சொல்லுகிறாரே என்று நினைத்தாலும், கொட்டகை மனத்தில் இருந்ததால் நட்டோம். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் மேலாளர் தம் கையாலேயே ‘கன்று வளர்ப்பு’ என்று எழுதினார். எத்தனை என்ற இடத்தில் ‘நாற்பது’.

எங்கள் மொழியில் செடியின் குட்டியும் கன்று, பசுவின் குட்டியும் கன்று. இத்தனை காலமாக இதனால் யாருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை. வங்கிக்குப் போகிற வரைக்கும்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. தோல்பையும் முழங்கால் வரை ரப்பர் காலணியுமாக ஒருவர் இறங்கினார். கால்நடை மருத்துவர். முகத்தில் இயல்பாகவே ஒரு வருத்தம் இருந்தது, நாளெல்லாம் பேசாத ஜீவன்களிடம் நலம் விசாரித்து வந்த வருத்தம்.

“எங்க கட்டி வெச்சிருக்கீங்க?” என்றார்.

என் மனைவி மாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டிகளைக் காட்டினாள். அவர் தொட்டிகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். நாற்பது கன்று, பெண்கள் குழு, உடல்நலச் சான்று தேவை. தொட்டி ஒன்றின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். தப்பு நடந்துவிட்டது, திரும்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள் டாக்டர் என்றாள்.

அவர் தம் நிலைமையை விளக்கினார். கன்று இல்லை என்று எழுதினால், இல்லாத கன்றுக்குக் கடன் கேட்டதாக எங்கள்மேல் வழக்கு வரும். மாட்டுக் கன்று இல்லை, செடிக் கன்று இருக்கிறது என்று எழுதலாம் என்றால், அந்தக் காகிதத்தில் அதற்குக் கட்டம் இல்லை. இருக்கிறது என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது, தமக்குப் பயணப்படியும் கிடைக்கும். நாலாபக்கமும் யோசித்துப் பார்த்தால் கன்றுகள் இருப்பதுதான் மனிதாபிமானம்.

உட்கார்ந்து நிரப்பினார். நிறம்: பச்சை. கொம்பு: முளைக்கவில்லை. குணம்: சாது. தீவனம்: வெயில். “முட்டுமா?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு அவரே இல்லை என்று போட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் வில்லைகளை எடுத்தார். கடன் வாங்குகிற கன்று ஒவ்வொன்றுக்கும் காதில் எண் குத்த வேண்டும். காதில்லாத கன்றுக்குப் பெரிய இலையாகப் பார்த்துக் குத்தினார். ஏதாவது ஒன்று இறந்துவிட்டால் காப்பீட்டுக்கு வில்லையோடு சேர்த்துக் காதை அறுத்து அனுப்ப வேண்டும், தவறினால் இறந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எச்சரித்தார்.

மாடிப்படியில் கையைக் கட்டிக்கொண்டு லாரி அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செடிக்குன்னா நெனக்கிறீங்க தம்பி?” என்றாள் என்னிடம். “காது நமக்குக் குத்தறாங்க. வலி தெரியாம இருக்கச் செடியில குத்திக் காட்டறாங்க.”

என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் பதறவில்லை. விண்ணப்பத்தைத் திருத்த வழியுண்டு என்றார். திருத்தம் கோரும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பழைய விண்ணப்பம் ரத்தான பிறகுதான் அதைத் தொட முடியும். ரத்துக்கான காரணம் மோசடி என்ற தலைப்பில் மட்டுமே பதிவாகும். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். “கன்னுக் கடன்லதாம்மா கொட்டகைக்கும் சேர்த்துப் பணம் உண்டு. மூலிகைக் கடன்ல கொட்டகையே கிடையாது.”

சுவரொட்டியில் சிரித்த பெண் எதன்கீழ் நின்று இலைகளைக் காயவைப்பாள் என்று திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. மாட்டுக் கொட்டகை என்றாலும் கொட்டகைதான். தகரத்துக்குக் கீழே நிற்பது மாடா வேரா என்று தகரத்துக்குத் தெரியப்போவதில்லை. வீடு திரும்பியதும் என் மனைவி, “மழை வர்றதுக்குள்ள குடுத்தாங்கன்னா, நான் அதை மாடுன்னே கூப்பிடறேங்க” என்றாள்.

அடுத்து ஈட்டுப் பத்திரம். நாற்பது கன்றுகளும், அவற்றிலிருந்து இன்றும் இனிமேலும் கிடைக்கிற பால், சாணம் மற்றும் இதர விளைபொருள் அனைத்தும் கடன் தீரும்வரை வங்கிக்கு ஈடு என்றிருந்தது. காய்ந்த இலையும் பட்டையும் வேரும் ‘இதர விளைபொருள்’ ஆயின. கடன் இன்னும் கொடுக்கப்படவில்லையே என்று கேட்டேன். ஈடு வாங்கின பிறகுதானே கடனைப் பற்றி யோசிக்க முடியும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலே எனக்கு எல்லாம் நியாயமாகப் படும். வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் சந்தேகம் வரும்.

விழா வைத்தார்கள். நகரத்தின் பெரிய மண்டபம், குளிரூட்டிய அறை, மேசைக்கு மேசை பூங்கொத்து. அந்தப் பூங்கொத்துகளின் செலவுக்கு எங்கள் கொட்டகைக்குக் கூரை போட்டு, மீதிக்குக் கதவும் வைத்திருக்கலாம். மண்டல மேலாளர் வந்திருந்தார். எல்லோரும் அவரைப் பெரியவர் என்றார்கள். அவர் கோட்டு நன்றாகத் தைத்திருந்தது. உள்ளே இருந்தவரைப் பற்றித்தான் எனக்கு அபிப்பிராயம் இல்லை.

“சகோதரிகளே” என்று ஆரம்பித்தார். “ஒரு காலத்துல நீங்க காட்டுக்குப் போனீங்க, பறிச்சீங்க, வித்தீங்க, சாப்பிட்டீங்க. அவ்வளவுதான் வாழ்க்கை. இன்னைக்கு உங்க பேர்ல ஒரு கோப்பு இருக்கு. அந்தக் கோப்புக்குன்னே என் அறையில தனி அலமாரி செஞ்சு வெச்சிருக்கோம். உங்களுக்குக் குடுக்கப்போற கடனைவிட அலமாரிக்கு அதிகமாச் செலவாச்சு. ஏன் செஞ்சோம்? பெண்கள்மேல இருக்கிற மரியாதை. கடன்னா பணம்னு சில பேர் நெனக்கிறாங்க. அது கொச்சையான பார்வை. கடன்ங்கிறது ஒரு உறவு. பணம் வரும்போது வரட்டும். உறவு ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு. நீங்க தவணை கட்டத் தயாராகிட்டீங்களான்னுதான் உங்களை நீங்க கேட்டுக்கணும்.”

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சுற்றியிருப்பவர்கள் தட்டும்போது என் கை என் பேச்சைக் கேட்பதில்லை.

பிறகு அவர் கீழே இறங்கி வந்து என் மனைவியிடம் கனிவோடு குனிந்தார். “கன்னுங்க எல்லாம் நல்லாப் பால் குடிக்குதாம்மா?”

“தண்ணிதான் சார் குடிக்குது.”

“சிக்கனம்” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னார். “இதைத்தான் நான் பெண்கள்கிட்ட எதிர்பார்க்கிறேன்.” ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

விழா முடிந்து பணம் எப்போது என்று கேட்டோம். அதற்கென்று ஒரு கள அலுவலர் இருந்தார். இளைஞர். சட்டை அவரைவிட இரண்டு அளவு பெரிது, வேலையும் அப்படியே. கட்டி முடித்த கொட்டகையின் புகைப்படத்தை அனுப்பினால் உடனே பணம் வந்துவிடும் என்றார்.

“கட்டத்தானே தம்பி கடனே?” என்றேன்.

“கட்டாத கொட்டகைக்குக் கடன் குடுத்தா அதுக்குப் பேர் ஊழல் சார்” என்றார். நல்ல பையன். அவர் கண்ணில் உண்மையிலேயே கவலை தெரிந்தது. மாதக் கடைசிக்குள் அவருக்கும் ஏதோ ஒரு கொட்டகையின் படம் வேண்டியிருந்தது.

மழை அதற்காகக் காத்திருக்கவில்லை. வழக்கத்தைவிட முன்னாலேயே ஆரம்பித்து, ஒரு அலுவலகமும் சாதிக்காத ஒழுங்கோடு தினமும் வந்தது. மாடியிலிருந்த சரக்கையெல்லாம் எங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்து கொட்டினோம். கட்டில்மேல் பட்டை, தையல் இயந்திரத்தின்மேல் இலை, நடக்கிற இடமெல்லாம் வேர். தைத்த சட்டைகளைத் திருப்பிக் கொடுத்தால் வாடிக்கையாளர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். வேர்களின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. அன்றைக்கே குடையோடு மோப்பம் வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு துண்டை எடுத்தார், கண்ணை மூடினார், ஈரம் என்றார். நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

லாரி அக்கா கையை விரித்து விரலிடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மழையின் தழும்பு இன்னும் இருந்தது.

யோசித்துச் சொல்கிறோம் என்று என் மனைவி மோப்பத்தை அனுப்பிவைத்தாள். அவர் போன பிறகு தபால்காரர் வந்தார். வங்கியிலிருந்து எச்சரிக்கை. மழைக்காலத்தை முன்னிட்டு, வங்கிக்கு ஈடாக உள்ள கன்றுகளையும் இதர விளைபொருளையும் கூரையும் காற்றோட்டமும் காவலும் உள்ள பாதுகாப்பான இடத்தில் வைக்கக் கடன்தாரர் கடமைப்பட்டவர். நனைந்து சேதமானால் இழப்பு முழுவதும் ஜாமீன்தாரரிடம் வட்டியோடு வசூலிக்கப்படும். ஜாமீன்தாரர் நான். கொடுக்காத கடனுக்கு வட்டி என்னிடம். குடும்பத் தலைவன் பதவி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் மனைவி அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“ஏங்க, கூரை, காற்றோட்டம், காவல். இந்த மூணும் சேர்ந்து இருக்கிற மாதிரி நமக்குத் தெரிஞ்சு எந்த இடம் இருக்கு?”

நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ரொம்ப நாள் கழித்து.

மறுநாள் வங்கி திறந்ததும், பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு தலைச்சுமையாகப் போனோம். பெண்கள் மூட்டைகளோடு, நான் மஞ்சள் வில்லை குத்திய தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு. காவலாளி லாரி அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கதவை முழுவதுமாகத் திறந்துவிட்டார். சட்டப்படி அவரும் ஜாமீன்தாரர்தானே.

மேலாளர் எழுந்து ஓடி வந்தார். என் மனைவி கடிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். அடியில் தம் கையெழுத்து இருப்பதைப் பார்த்தார்.

“இது பேங்கும்மா” என்றார்.

“பொருளும் பேங்கோடதுதானே சார்.”

அவர் தொலைபேசியிடம் போனார். மேலிடத்தில் என்ன கேட்டார்களோ தெரியாது, இவர் இங்கே சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஆமா சார், ஈட்டுப் பொருள்தான் சார். இல்ல சார், வெளிய எடுக்கச் சொல்லி எழுத்துல குடுத்தீங்கன்னா எடுக்கச் சொல்றேன் சார். நனைஞ்சா யார் பொறுப்புன்னும் அதுலயே எழுதிடுங்க சார். எழுதிக் கொடுப்பதற்கு அந்தப் பக்கம் யாரும் அகப்படவில்லை. யாராவது எழுதினால் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிடும். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் பத்திரம் என்று தீர்மானம் ஆயிற்று.

பெண்கள் அதற்குள் பாதி மூட்டையை விரித்திருந்தார்கள். பளிங்குத் தரையில் வேர், காத்திருப்போர் நாற்காலிகளில் இலை, பணம் எண்ணும் கவுண்டர்களின் நீளத்துக்குக் காய்ச்சல் பட்டை. மேலே எல்லா மின்விசிறிகளும் சுழன்றன. சுவரொட்டிப் பெண்ணுக்கு நேர் கீழே கன்றுகள் வரிசையில் நின்றன. வாடிக்கையாளர்கள் வேர்களைத் தாண்டித் தாண்டி வந்து பணம் போட்டார்கள். முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்ட காசாளர், இரண்டாம் நாள் தம் பக்கத்து விசிறியைக் கூட்டி வைத்தார். அதற்கப்புறம் கூட்டம் குறைந்த நேரங்களில் முத்திரை குத்துகிற கையாலேயே பட்டைகளைப் புரட்டிப் போட்டார். அந்த அலுவலகத்தில் ஒரு வேலை ஆரம்பித்து முடிவதை அவர் அப்போதுதான் பார்க்கிறார் போலிருந்தது.

மோப்பமும் வந்தார். எங்கள் வீட்டில் சரக்கைக் காணாமல் விசாரித்துக்கொண்டு வந்தாராம். காவலாளி டோக்கன் எடுக்கச் சொன்னார். எடுத்தார். முறை வரும்வரை மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு நின்றார், நாற்காலியில்தான் இலை இருந்ததே. முறை வந்ததும் ஒரு வேரை ஒடித்தார். சடக்கென்று ஒடிந்தது. மூக்கில் வைத்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியபடியே இருந்தார். அந்த முறை என் மனைவி சொன்னதுதான் விலை. லாரி அக்கா ஓட்டலுக்குப் போகவில்லை.

கள அலுவலர் ஒரு நாள் மத்தியானம் வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார். கூரை இருந்தது, காற்று இருந்தது, காதில் வில்லை குத்திய கன்றுகள் இருந்தன, வேலை செய்கிற பெண்கள் இருந்தார்கள். மாதக் கடைசி நெருங்கிவிட்டிருந்தது. அவர் கைபேசியை எடுத்துச் சில படங்கள் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

படங்கள் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தன. உத்தரவும் வந்தது. என் மனைவியையும் என்னையும் உட்காரவைத்து மேலாளரே படித்துக் காட்டினார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. “பயனாளிகள் விசாலமான, மின்விசிறி வசதியுள்ள, பளிங்குத் தரை பதித்த சொந்தக் கொட்டகை ஒன்றைச் சிறப்பாகப் பயன்படுத்தி வருவது புகைப்படங்களில் தெளிவாகத் தெரிகிறது. எனவே கொட்டகைக்காகக் கடன் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. சொந்த முயற்சியில் கொட்டகை அமைத்துக்கொண்ட மகளிரை இந்த அலுவலகம் மனமாரப் பாராட்டுகிறது.” கீழே பெரியவரின் கையெழுத்து, முத்திரை.

கட்டடத்துக்கு உள்ளே இருக்கும்போதே நியாயமாகப் படாத முதல் காகிதம் அதுதான். என் மனைவி அந்த உத்தரவில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டிருந்த மேலாளர் தாமே எழுந்து போய்ப் பிரதி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

“அப்புறம் சாவி சார்?”

“எந்தச் சாவிம்மா?”

“கொட்டகைச் சாவி. எங்க சொந்தக் கொட்டகைன்னு பெரியவரே கையெழுத்துப் போட்டுட்டாரே. நீங்க சாயங்காலம் பூட்டிட்டுப் போயிடறீங்க. காலையில நீங்க வர்ற வரைக்கும் நாங்க மழையில வெளிய நிக்க வேண்டியிருக்கு.”

மேலாளர் அவளைப் பார்த்தார். காய்ச்சல் பட்டை விரித்த கவுண்டர்களைப் பார்த்தார். தொலைபேசியை ஒரு தடவை பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டார். இத்தனை வருட உத்தியோகம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே விடையைக் களைப்போடு சொன்னார்.

“ஒரு மனுவா எழுதிக் குடுங்கம்மா. மேல அனுப்பறேன்.”

எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து அவள் மட்டும்தான் போட்டாள். என்னைக் கேட்கவில்லை.

ஒரு மனுவுக்குப் பதில் வரும்வரை இருக்கிற நிலையே தொடர வேண்டும் என்பது வங்கியின் விதி. பதில் இன்னும் வரவில்லை. அந்த மழை முடிந்து அடுத்த மழை ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது கவுண்டரில் இப்போது இருமல் இலை காய்கிறது. அங்கே பணம் கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து நாலாவது கவுண்டருக்குப் போகவும்.